40,000 கோடி விண்மீன்களும் ஒரு கடைக்கணக்கும்

கணினி விளையாட்டைப் பற்றிய கட்டுரைக்கு இலக்கிய ஏடு இடமளிக்கலாமா என்று வினவும் நண்பர்கள் நம்மிடையே இன்னும் உள்ளனர். நாவலையும் நாடகத்தையும் திரைப்படத்தையும் சமுதாயத்தின் விளைபொருள்களாகக் கொண்டு ஆராய வேண்டும் என்று மேடைதோறும் வற்புறுத்துபவர்கள் இவர்களே. ஆயினும், இன்றைய மாணவன் இரவு முழுவதும் கண்விழித்துக் கிடக்கும் ஒரு கலைவடிவம் தம் முன்னே வந்து நிற்கும்போது மட்டும், "அது சிறுபிள்ளை விளையாட்டு" என்று கூறி முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். இன்னொரு சாராரோ, விளையாட்டு என்றாலே படிப்புக்குக் கேடு, கண்ணுக்குக் கேடு, ஒழுக்கத்துக்குக் கேடு என்று தடியை எடுக்கின்றனர். முந்தியோர் விளையாட்டைப் பார்க்கவேயில்லை. பிந்தியோர் விளையாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவேயில்லை. இருசாராருக்கும் அப்பால் நின்று, விண்வெளிப் பயணத்தைப் பாவனை செய்யும் ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு, அதன் வானத்தில் யாருடைய நீதி நிலவுகிறது என்று கேட்பதே நமது நோக்கம்.

விளையாட்டின் பெயர் 'எலைற் டேஞ்சரஸ்'. பிரித்தானியாவில் கேம்பிறிட்ஜ் நகரைச் சேர்ந்த புரொன்ரியர் டெவலப்மென்ற்ஸ் என்ற கொம்பனி, வருங்கால விளையாட்டாளரிடமிருந்தே 15 இலட்சம் பவுணுக்கு மேல் முன்கூட்டித் திரட்டி, 2014 டிசம்பரில் இதனை வெளியிட்டது. நமது பால்வீதி மண்டலம் முழுவதையும், ஏறத்தாழ 40,000 கோடி விண்மீன் தொகுதிகளுடன், உண்மை அளவிலேயே கணித விதிகளின் துணைகொண்டு இது படைத்திருக்கிறது. வானியலாளர் பட்டியலிட்ட விண்மீன்கள் பல தத்தம் இடங்களிலேயே நிற்கின்றன. மெய்நிகர்க் கருவியைத் தலையில் அணிந்துகொண்டால் இரண்டு கண்களுக்கும் வெவ்வேறாகக் காட்டப்படும் படங்கள் ஒன்றாகி ஆழம் பெறுகின்றன. தலையைத் திருப்பும் திசையெல்லாம் உலகமும் திரும்புகின்றது.

நாமும் அதனை அணிந்து பல இரவுகள் பறந்தோம். அதன் அழகை மறுப்பது நேர்மையன்று. வளையங்கள் சூழ்ந்த பெருங்கோளொன்றின் நிழலிலிருந்து வெளிப்பட்டு, அப்பால் எழும் கதிரவனைக் காணும் கணத்தில் மூச்சு ஒருமுறை நின்றே போகின்றது. சுழலும் விண்நிலையத்தின் ஒடுங்கிய வாயிலுக்குள் கப்பலைச் செலுத்துகையில் கைகள் உண்மையாகவே வியர்க்கின்றன. அந்த வேலையைத் தானியங்கியிடம் ஒப்படைத்துவிட்டால், 'நீல டான்யூப்' இசை ஒலிக்கத் தொடங்குகின்றது. 1968இல் ஸ்ரான்லி குப்ரிக்கும், அக்காலத்தில் நமது நாட்டிலேயே வாழ்ந்துகொண்டிருந்த ஆதர் சீ. கிளார்க்கும் சேர்ந்து உருவாக்கிய திரைப்படத்தின் நினைவு அது. பொதுவாக மெய்நிகர்க் கருவியை அணிந்து நடமாடுவோருக்கு, கண் அசைவைச் சொல்லக் காது அசைவின்மையைச் சொல்வதால், குமட்டல் உண்டாகும். விண்கலத்தின் ஆசனத்தில் அமர்ந்திருப்பவனுக்கோ கலத்தின் சட்டகம் அசையாத ஆதாரமாக இருப்பதால் அத்தொல்லை பெரிதும் குறைகின்றது. மெய்நிகர்க் கருவிக்கு விண்கல விளையாட்டுப் போல் பொருந்துவது வேறில்லை என்று அனுபவசாலிகள் கூறுவதன் காரணம் இதுவே.

ஆனால் ஒன்றைக் கவனிக்க. 2021இல் இவ்விளையாட்டில் மனிதர் கலத்தைவிட்டு இறங்கி நிலத்தில் நடக்கும் வசதி சேர்க்கப்பட்டபோது, அந்த நடைக்கு மெய்நிகர் வடிவம் அளிக்கப்படவில்லை. ஆசனத்தில் இருக்கும்வரை உலகம் நம்மைச் சூழ்ந்து நிற்கின்றது. எழுந்து நடந்தாலோ, இருட்டறையில் தொங்கும் தட்டையான திரையாகச் சுருங்கிவிடுகின்றது. தொழில்நுட்பச் சிக்கல்தான், ஒப்புக்கொள்கிறோம். இருப்பினும், கலத்தின் உடைமையாளனாக இருக்கும்போது மாத்திரம் முழு உலகத்தையும் பெறும் மனிதன், கால்நடையாகச் சென்றவுடன் அதை இழந்துவிடுகிறான் என்பதை எண்ணுந்தோறும் நமக்குச் சிரிப்பு வராமலில்லை.

இனி, அந்த ஆசனத்தில் அமர்ந்தவன் செய்வதென்ன? 2014இல் அவனுக்குக் கொடுக்கப்பட்டவை ஒரு சிறிய கலமும் 1,000 கிரெடிற்றும். மலிந்த இடத்தில் வாங்கி அரிதான இடத்தில் விற்கலாம். வான்கற்களை உடைத்துக் கனிமம் எடுக்கலாம். பிறர் கலங்களைச் சுட்டு வீழ்த்திக் கூலி பெறலாம். புதிய உலகங்களைக் கண்டு, அச்செய்தியையும் விற்கலாம். ஆம், கண்டுபிடிப்பும் அங்கே கடைச்சரக்கே! வணிகத்துறையின் பட்டவரிசை 'சல்லிக்காசில்லாதவன்' என்பதில் தொடங்கி, சில்லறை வியாபாரி, தரகன், பெருமுதலாளி என்று ஏறி, விளையாட்டின் பெயராகவே அமைந்த 'எலைற்' என்ற மேட்டுக்குடிப் பட்டத்தில் முடிகின்றது. போர்த்துறையின் கடைநிலைப் பட்டமோ 'தீங்கற்றவன்' என்பது. தீங்கு செய்யாதிருத்தல் அங்கே இழிவு. அதனைத் தாண்டிச் செல்வதே முன்னேற்றம். 2024இல், புதிய கலமொன்றை மற்றையோருக்கு முன்பாகப் பெறுவதற்கு மெய்யான பணத்தைக் கொடுக்கும் வழியும் திறந்துவிடப்பட்டது. பாவனைச் சந்தைக்கும் மெய்ச்சந்தைக்கும் இடையிலிருந்த மெல்லிய திரையும் அத்துடன் கிழிந்தது.

சந்தைப் பலகையைச் சற்று நிதானமாக வாசிப்போம். தானியம், மருந்து, உலோகம், இயந்திரம் என்ற பிரிவுகளின் வரிசையில், 'அடிமை வணிகம்' என்பதும் ஒரு பிரிவு. அடிமைகள் அங்கே தொன் கணக்கில் விலை பேசப்படுகின்றனர். தலைக்கணக்கில் அன்று, தொன் கணக்கில்! விளையாட்டின் உலகில் 'பேரரசு' என்றோர் ஆட்சிப்பகுதி உண்டு. கடனை அடைப்பதற்காகத் தம்மைத் தாமே விற்றுக்கொண்டவர்களை வாங்குவதும் விற்பதும் அங்கே சட்டபூர்வமான தொழில். அடிமைமுறை கௌரவமான ஏற்பாடு என்று அதற்கொரு வியாக்கியானமும் கதையில் எழுதப்பட்டிருக்கிறது. கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையில் இறக்கப்பட்டுக் காட்டுவழியே மாத்தளைவரை நடத்திவரப்பட்டவர்களின் வரலாற்றையும், பிற்காலத்தில் ஆளுக்கொரு தகரத்துண்டு கட்டி அனுப்பப்பட்டவர்களின் வரலாற்றையும், முற்பணமும் துண்டும் தலைமுறை தலைமுறையாகக் கழுத்தை நெரித்த கதையையும் அறிந்த இலங்கைத் தமிழ் வாசகனுக்கு, கடன்பட்ட மனிதன் சரக்குப் பட்டியலில் ஏறுவது விந்தையான கற்பனையாகத் தோன்றாது.

"அது தீயதோர் உலகத்தின் சித்திரிப்பு, சித்திரிப்பது ஆதரிப்பதாகுமா?" என்று கேட்பர். பல ஆட்சிப்பகுதிகளில் இவ்வணிகம் குற்றமென்றும், காவற்கலங்கள் சோதித்துத் தண்டம் விதிக்கின்றன என்றும் எடுத்துக்காட்டுவர். உண்மைதான். வேண்டாதவன் அப்பக்கமே போகாதிருக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் இலக்கியம் கற்ற நமக்கு, சித்திரிப்பு என்றால் என்ன என்பது தெரியாததன்று. அடிமையைச் சித்திரிக்கும் நாவலில் அடிமைக்குப் பெயருண்டு, தாயுண்டு, பேச்சுண்டு. அவன் வாய்திறவா ஊமையாயினும் ஆசிரியன் அவனுடைய மௌனத்தையாவது நமக்குக் கேட்கச் செய்வான். இங்கே, சரக்கறையில் கிடக்கும் தொன் கணக்கான மனிதருள் ஒருவனும் பேசுவதில்லை. அவர்களுக்கு இருப்பவை இரண்டே: விலையும் எடையும். பிடிபட்டால் கிடைப்பதும் தண்டப்பணம். அதுவும் கணக்கில் ஒரு செலவினம்! கொடுமையைக் காட்டி நம்மைக் கலங்கச் செய்வது சித்திரிப்பு. கொடுமையை இலாபநட்டக் கணக்காக மாற்றி நம் கையிலே தருவதற்கு வேறு பெயர் வேண்டும்.

இதன் வேர் 1984இல் இருக்கிறது. அவ்வாண்டு செப்ரெம்பரில், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழக மாணவராயிருந்த டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இருவர் 'எலைற்' என்ற முதல் விளையாட்டை வெளியிட்டனர். 32 கிலோபைற்று நினைவகத்துக்குள் 8 விண்மீன் மண்டலங்களையும் மண்டலத்துக்கு 256 உலகங்களையும் அடக்கிய அவர்களது திறமையைப் பாராட்டாதார் இல்லை, நாமும் பாராட்டுகிறோம். அது இயங்கிய கணினியோ, பிரித்தானியப் பொது ஒலிபரப்பு நிறுவனமான பீ.பீ.சீ. மக்களுக்குக் கணினியறிவூட்டும் திட்டத்துக்காக உருவாக்குவித்து, பள்ளிக்கூடந்தோறும் பரவியிருந்த கருவி. பொதுநலத்துக்காகப் பிறந்த பெட்டியின்மீது ஏறி வந்தவன், தன்னந்தனியாக வாங்கி விற்கும் வணிகன். தன் கப்பல், தன் பீரங்கி, தன் பணம். அவனுக்குச் சங்கமில்லை, ஊரில்லை, உறவில்லை. அடிமைகளும் போதைப்பொருளும் துப்பாக்கிகளும் அன்றைய சரக்குப் பட்டியலிலேயே இருந்தன. வான்கற்களைப் பிளக்கும் சுரங்கக் கதிர்க்கருவியும் விற்பனைக்கிருந்தது.

அதே 1984 மார்ச் முதல் பிரித்தானியாவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டிருந்தனர். மார்கிரற் தாட்சரின் அரசாங்கம் பொலிசாரைக் குவித்து, அடுத்த மார்ச்சில் அப்போராட்டத்தைத் தோற்கடித்தது. ஊர் ஊராகச் சுரங்கங்கள் மூடப்பட்டன. சுரங்கத் தொழிலாளி தெருவில் அடிபட்டுக்கொண்டிருந்த அதே வேளையில், நச்சுவாயுவும் நிலச்சரிவும் கூலிப்பேச்சும் இல்லாத சுரங்கத் தொழில் திரையில் பொழுதுபோக்காகிவிட்டது. சதி நடந்தது என்று நாம் கூறவில்லை. இரு மாணவர்கள் தம் காலத்துக் காற்றைச் சுவாசித்தனர், சுவாசித்ததையே வெளிவிட்டனர். கலை காலத்தின் குழந்தை என்று நாம் நாவலைப் பற்றிச் சொல்லும்போது தலையசைப்பவர்கள், இதற்கும் அவ்வாறே தலையசைக்க வேண்டும்.

இவ்விளையாட்டைப் 'பாவனை' என்று அழைக்கின்றனர். அஃதாவது மெய்யின் விதிகளைப் பின்பற்றுவது. எந்த மெய்யின் விதிகளை? வெற்றிடத்தில் இயங்கும் பொருள் தடுப்பாரின்றித் தொடர்ந்து இயங்கும் என்பது நியூற்றனின் முதல் விதி. பள்ளி மாணவனும் அறிவான். 1993இல் வந்த இரண்டாம் எலைற் விளையாட்டு இவ்விதியைக் கடைப்பிடித்தது. 2014இன் விளையாட்டிலோ, போர்க்கலங்களுக்கு உச்ச வேகம் விதிக்கப்பட்டிருக்கிறது. பறத்தல் உதவியை நிறுத்திவிட்டாலும் அவ்வரம்பை மீற இயலாது. ஏனென்றால், உண்மை விதிப்படி பறந்தால் கலங்கள் ஒன்றையொன்று கணத்தில் கடந்து மறைந்துவிடும். இரண்டாம் உலகயுத்தத்து விமானங்களைப் போல வாலைப் பிடித்துத் துரத்திச் சுடும் இன்பம் கிட்டாது. ஆகவே யுத்தத்தின் வசதிக்காக நியூற்றனின் விதி தளர்த்தப்பட்டது. சந்தையின் விதியை மட்டும் ஒருவரும் தளர்த்தவில்லை. விண்ணில் 3300ஆம் ஆண்டுக்குரிய கதையை எழுதுபவர்கள், ஒளியைவிட விரைந்து செல்லும் கலத்தைக் கற்பனை செய்துவிட்டார்கள். இலாபமின்றி இரண்டு மனிதர் பொருள் பரிமாறுவதைக் கற்பனை செய்ய அவர்களால் முடியவில்லை.

விளையாட்டுக்குள் நடப்பது விளையாட்டோடு போகட்டும் என்றால் நாம் வாளாவிருந்திருப்போம். கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த உறவினர் கொண்டுவந்த கருவியில் இதனை ஆடிய நமது மாணவனொருவன், வான்கல்லில் ஒரு மணித்தியாலம் தோண்டினால் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்கோடு விளக்கினான். அந்தக் கல் யாருடையது என்று கேட்டோம். கேள்வியே அவனுக்குப் புதுமையாக இருந்தது. "முதல் போறவருக்குத்தான், சேர்" என்றான். கெட்டிக்காரப் பையன், அயல்வளவுக்காரன் வேலியை ஒரு முழம் நகர்த்தினால் அது அநியாயம் என்று அறிந்தவன். வானத்துக்கு மட்டும் அந்த நியாயம் செல்லாதென்று அவனுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. நூறு தடவை தோண்டிப் பழகியதில் தானாகவே வந்து சேர்ந்த அறிவு அது.

அந்தக் கேள்விக்கு உலகம் ஒருமுறை வேறு பதில் சொல்லியிருந்தது. 1961 ஏப்ரிலில் யூரி ககாரின் 108 நிமிடங்களில் பூமியைச் சுற்றி வந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் இலங்கைக்கும் வந்தார். அந்தத் தலைமுறை வானத்தை மனித குலத்தின் பொது வாசலாகக் கண்டது. வல்லரசுகளின் போட்டி அதன் பின்னால் இருந்ததை நாம் மறைக்கவில்லை. ககாரின் பறந்த மறுவருடமே அமெரிக்கக் கணினி ஆய்வாளர் 'விண்போர்' என்ற விளையாட்டை இயற்றி இரு கலங்களை ஒன்றையொன்று சுடவிட்டனர். எனினும் 1967இன் விண்வெளி உடன்படிக்கை, சந்திரனையும் ஏனைய விண்பொருள்களையும் எந்த நாடும் தன்னுடைமை ஆக்கிக்கொள்ள முடியாதென்று எழுதி வைத்தது. 1979இன் சந்திர உடன்படிக்கை ஒருபடி மேலே சென்று, அவற்றின் இயற்கை வளங்கள் மனித குலத்தின் பொது மரபுரிமை என்று கூறிற்று. அது நடைமுறைக்கு வந்த ஆண்டும் அதே 1984! ஆனால் விண்கலம் ஏவும் வல்லமை மிகுந்த அமெரிக்காவோ சோவியத் ஒன்றியமோ அதனை ஏற்று உறுதிப்படுத்தவில்லை.

பின்னர் நடந்தவை விரைவானவை. 2015 நவம்பரில் ஐக்கிய அமெரிக்கா, தன் பிரசைகள் விண்கற்களிலிருந்து எடுக்கும் வளம் அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் இயற்றியது. 2017இல் சின்னஞ்சிறு லக்சம்பேர்க் அதே வகையான சட்டத்தை இயற்றிக் கொம்பனிகளை வரவேற்றது. 2020 ஏப்ரிலில் அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் டிரம்ப், விண்வெளியை உலகப் பொதுச்சொத்தாகத் தமது நாடு கருதவில்லை என்று ஆணையிலேயே எழுதிக் கையொப்பமிட்டார். அரசாங்கங்கள் சட்டத்தில் எழுதுவதற்கும், மாணவன் விளையாட்டிற் பழகுவதற்கும் இடையே தந்திக் கம்பி எதுவும் இல்லை. ஆயினும் இரண்டும் ஒரே வாக்கியத்தையே கூறுகின்றன: முதலிற் செல்பவனுக்கே உரியது. நாளை இச்சட்டங்கள் உலகச் சட்டமாகும் வேளையில், அவற்றை எதிர்த்துக் கேள்வி கேட்க வேண்டிய தலைமுறை, அவற்றை இயற்கை விதியெனப் பயின்று வளர்ந்திருக்கும். நம்மைக் கவலையுறச் செய்வது இதுவே.

கருவியின் சொந்தக்காரர் பற்றியும் ஒரு வார்த்தை. இன்றைய மெய்நிகர்க் கருவிகளுக்கு வழிதிறந்த 'ஒக்குலஸ்' நிறுவனத்தை 2014இல் பேஸ்புக் 200 கோடி டொலருக்கு வாங்க உடன்பட்டது. அதனைத் தொடக்கிய பாமர் லக்கி 2017இல் அண்டுரில் என்ற ஆயுதக் கொம்பனியைத் தொடங்கினார். மெற்றா என்று பெயர் மாறிய பேஸ்புக்கும் அண்டுரிலும் 2025இல் மீண்டும் கைகோத்து, அமெரிக்கப் படையினருக்கான தலையணிகளைச் செய்ய முன்வந்தன. 2020இல் வெளிவந்த ஓர் ஆய்விலே, ஐந்து நிமிடத்துக்கும் குறைவான தலை, கை அசைவுகளைக்கொண்டு 511 பேருள் 95 வீதமானோரைச் சரியாக அடையாளம் காண முடிந்தது. விண்மீனைப் பார்க்க நாம் தலையைத் திருப்புகிறோம். அந்தத் திருப்பமே நமது கைநாட்டு ஆகிவிடுகின்றது.

இவ்வளவும் கூறியபின், விளையாட்டைத் தடைசெய்க என்று நாம் சொல்வோம் என எதிர்பார்க்கும் தடியெடுத்த நண்பர்கள் ஏமாறத்தான் வேண்டும். ஏனெனில், அந்தக் கடைக்கணக்கு உலகத்துக்குள்ளேயே, அதை இயற்றியவர்கள் எழுதி வைக்காத ஒன்றை மக்கள் செய்திருக்கின்றனர்.

விண்மீன் விட்டு விண்மீன் தாவும்போது கலத்தின் எரிபொருள் குறைகின்றது. சில வகை விண்மீன்களின் அருகிலே பறந்து அதனை நிரப்பிக்கொள்ளலாம், ஏனையவற்றில் இயலாது. தவறான கணக்கோடு சென்றவன், இருளில், உயிர்வாயு நிமிடம் நிமிடமாகக் குறையச் செத்துக்கொண்டிருப்பான். கலம் அழிந்தால், அதுவரை திரட்டியும் விற்காத கண்டுபிடிப்புகள் யாவும் அதனோடு அழியும். சந்தை நீதியின்படி அது அவன் தலைவிதி. 2015இல் ஆடுநர் சிலர் கூடி 'பியூவல் றாற்ஸ்', அதாவது எரிபொருள் எலிகள், என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்டனர். யார் அழைத்தாலும், எவ்வளவு தொலைவாயினும், சென்று எரிபொருள் கொடுப்பது. ஒரு கிரெடிற்றும் வாங்காதிருப்பது. இதுவே அவர்கள் தொழில். வெவ்வேறு நாடுகளில் இருந்துகொண்டு, இராப்பகலாக முறைவைத்து, ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கலங்களை அவர்கள் மீட்டிருக்கின்றனர். சிலவற்றுக்காக மணிக்கணக்கில் வெறுமையினூடே பறந்திருக்கின்றனர். அவர்களுக்கு அளிப்பதற்கு விளையாட்டின் பட்டவரிசையில் ஒரு பட்டமும் இல்லை.

பழந்தமிழர் விமானம் ஓட்டினர் என்று மார்தட்டுவோருடன் நமக்கு வழக்கில்லை; அவர்கள் கற்பனையையும் பொறியியலையும் பிரித்தறியாதவர்கள். ஆனால் கற்பனை என்ற அளவிலே ஒன்றை நினைவூட்டலாம். மணிமேகலை வான்வழியே காஞ்சிக்குச் சென்றபோது அந்நகரில் பஞ்சம். அவள் கையிலே கொண்டு சென்றது அமுதசுரபி. பறக்கும் ஆற்றல் கைவந்த ஒருத்தி என்ன சரக்கோடு போவாள் என்ற வினாவுக்கு, வணிகம் செழித்த புகார் நகரத்தைப் பாடிய அதே சாத்தனார் கண்ட விடை அது. பெயரறியா எரிபொருள் எலிகள் அக்காப்பியத்தைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். கேள்விப்படாமலே அதே விடையைக் கண்டிருக்கிறார்கள் என்பதுதான் மனிதனைப் பற்றிய நமது நம்பிக்கைக்கு ஆதாரம்.

வேறு வகை வானங்களும் இல்லாமலில்லை. 2017இல் இலவசமாக வெளிவந்த 'மிஷன் ஐ.எஸ்.எஸ்.' என்ற மெய்நிகர்ப் பாவனையில், பல நாட்டவர் கூடி வாழும் விண்நிலையத்துக்குள் மிதந்து அங்குள்ள வேலைகளைச் செய்து பார்க்கலாம். அதிலும் ஒக்குலஸின் பணம் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதைவிட நமக்கு அண்மையானது 'ஓர்பிற்றர்'. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பணியாற்றிய மார்ட்டின் ஷ்வைகர் 2000ஆம் ஆண்டில் இதனை இலவசமாக வெளியிட்டார். 2021இல் மூலநிரலையும் யாவருக்கும் திறந்துவிட்டார். அதில் பணமில்லை, பகைவனில்லை, பட்டமில்லை. நியூற்றனின் விதிக்கு அங்கே விலக்கும் இல்லை. பூமியிலிருந்து எழுந்து விண்நிலையத்தை அடைவதற்கே சுற்றுப்பாதைகளைப் பற்றிய பாடம் முழுவதையும் கற்றாக வேண்டும். விலையுயர்ந்த தலையணி தேவையில்லை. நமது பாடசாலைக் கணினி அறைகளில் தூசி படிந்து கிடக்கும் சாதாரண இயந்திரங்களிலேயே அது இயங்கும். அதன் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியரொருவரும் தமிழாசிரியரொருவரும் மாலைகளில் சேர்ந்து அமர்ந்தால், முதற் பயணத்துக்கு வேண்டிய பகுதியையாவது ஒரு தவணைக்குள் தமிழில் எழுதிவிடலாம். முன்வருவோர் இவ்வேட்டின் முகவரிக்கு எழுதுக.